ஜனவரிக் களை

மலாவியின் தெற்கே, ஸோம்பா மலைக்குக் கீழே விரியும் சமவெளிக் கிராமங்களில், ஒரு வீட்டில் இந்த வாரம் எந்த மாவில் களி கிண்டுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். அந்த வீட்டில் எத்தனை மூட்டை மக்காச்சோளம் மிச்சம் இருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

அங்கே சாப்பாடு என்றால் ந்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. கீரை, பீன்ஸ், கருவாடு எல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். வயிறு நிறைய மரவள்ளிக்கிழங்கு தின்றவரிடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் இல்லை என்பார். சோறு இறங்காத நாளை நாம் சாப்பிட்ட நாளாகக் கணக்கு வைப்பதில்லையே, அது மாதிரி.

மாவில் மூன்று தரம். முதல் தரம் உஃபா வொயேரா, அதாவது வெள்ளை மாவு. சோளத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மர உரலில் போட்டு இடித்தால் மேல்தோலும் முளைப்பகுதியும் கழன்று வரும். முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்கிவிட்டு, மிஞ்சிய குறுணையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊற வைப்பார்கள். லேசாகப் புளித்து வாடை வந்ததும் அலசி, பாயில் காயவைத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் டீசல் மில்லுக்குக் கொண்டுபோவார்கள். வரும் மாவு சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருக்கும். ஆனால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தவிடாகப் போய்விடும். இரண்டாம் தரம் ம்கைவா. இடிப்பதும் ஊறவைப்பதும் இல்லை, முழுச் சோளத்தை அப்படியே அரைப்பது. சேதாரம் இல்லை, சத்தும் கூடுதல். இருந்தும் விருந்தாளிக்கு அதைப் போட யாருக்கும் மனம் வராது. மூன்றாவது மதேயா. வெள்ளை மாவுக்காக இடித்தபோது ஒதுக்கிய அந்தத் தவிடுதான். கோழிக்கும் பன்றிக்கும் போடுவது அதைத்தான்.

மே மாதம் எல்லா வீட்டிலும் வெள்ளை மாவு. அக்டோபர் நவம்பரில் சில வீடுகள் ம்கைவாவுக்கு இறங்கும். மில் வாசலில் வரிசையில் நிற்கும்போது அவரவர் வாளியில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், மறைக்க வழியில்லை. ஜனவரி பிப்ரவரியில் மனிதர்களே தவிட்டை விலைக்கு வாங்கத் தொடங்கினால், அந்த வருடம் கெட்ட வருடம்.

களி கிண்டும் முறை நம் கேழ்வரகுக் களியிலிருந்து கொஞ்சம் மாறுபடும். தண்ணீர் கொதித்த பிறகு மாவைக் கொட்டுவதில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொஞ்சம் மாவைக் கரைத்துவிட்டு, அது கஞ்சியாகிக் குமிழியிட்டுத் தெறிக்கும்வரை மூடி வைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் களியில் பச்சை மாவு வாடை அடிக்கும். பிறகு கை கையாக மாவைப் போட்டு, ம்திக்கோ என்ற மரத் துடுப்பால் பானையின் பக்கச் சுவரில் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறுமனே சுற்றினால் கட்டி தட்டும். தண்ணீரில் நனைத்த அகப்பையால் வழித்து வட்ட வட்டமாகத் தட்டில் அடுக்குவார்கள். பக்கத்தில் பூசணி இலையை நிலக்கடலை மாவோடு வேகவைத்த கூட்டு. வெண்டைக்காயும் சில காட்டுக்கீரைகளும் குழைய வேண்டுமென்றால் சாம்பலை நீரில் கரைத்து வடித்த காரநீரை ஊற்றுவார்கள்.

இனி கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வேளை ந்சிமாவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சோளம் வேண்டும். 50 கிலோ மூட்டை 20 நாளுக்கு வரும், வருடத்துக்குப் 18 மூட்டை. தெற்கு மலாவியில் ஒரு குடும்பத்துக்கு அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் இருந்தால் பரவாயில்லாத நிலம். உரம் போடாமல் ஹெக்டேருக்கு ஒரு டன் விளைந்தால் கைக்கு வருவது பத்து மூட்டை. ஏப்ரல் கடைசியில் அறுத்ததை ஒரு மணிகூட விற்காமல் தின்றாலும் நவம்பர் நடுவில் தீர்ந்துவிடும். அடுத்த பச்சைக் கதிர் பிப்ரவரி கடைசியில்தான். இடையே மூன்று மாதத்துக்கு மேல் வெறும் பானை. விற்காமல் இருக்கவும் முடியாது. கடன், பள்ளிச் சீருடை, சோப்பு, உப்பு என்று அறுப்பு முடிந்த கையோடு இரண்டு மூட்டை போகும், அதுவும் வருடத்திலேயே மிகக் குறைந்த விலைக்கு. அதே சோளத்தை ஜனவரியில் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவது அங்கே சாதாரணம்.

மழை ஒரே பருவம்தான். நவம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். ஏர்மாடு அபூர்வம், டிராக்டர் அதைவிட அபூர்வம். வயல் வேலை முழுக்க மண்வெட்டியில். மண்வெட்டிக்குச் சிச்செவா மொழியில் பெயர் 'காசு'. நம் காதுக்கு வேறு மாதிரி விழுந்தாலும் அந்த வீடுகளில் பெரும்பாலும் முதலீடு அது ஒன்றுதான். தடித்த மரப்பிடியின் தலையில் துளையிட்டு, தகட்டின் கூரிய வாலை அதில் செருகியிருப்பார்கள். புதுத் தகட்டின் அகலமும் நாலைந்து வருடம் தேய்ந்ததன் அகலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும்போதே பார் பிடிப்பார்கள், அதாவது விதை ஊன்ற நீள நீளமாக மண்ணை மேடாக அணைப்பார்கள். போன வருடத்துப் பாரை இரண்டாகப் பிளந்து இருபக்கச் சால்களிலும் தள்ளி, காய்ந்த தட்டையை உள்ளே புதைத்து, சால் இருந்த இடத்தில் புதுப் பார் எழுப்புவது முறை. பாருக்குப் பார் முக்கால் மீட்டர் என்றால் அரை ஹெக்டேரில் மொத்தப் பாரின் நீளம் ஆறரைக் கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனையும் குனிந்த முதுகில். 1940களிலும் 50களிலும் பிரிட்டிஷ் ஆட்சி மண்ணரிப்பைத் தடுக்கிறோம் என்று பார் பிடிப்பதைச் சட்டமாக்கி, பிடிக்காதவருக்கு அபராதம் போட்டது. மலிமித்வே என்ற அந்தக் கெடுபிடி மீது மூண்ட கோபம் விடுதலை இயக்கத்துக்கும் தீனி போட்டது. ஆட்சி போய்விட்டது, பார் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று பார் இல்லாத வயலைப் பார்த்தால் சோம்பேறியின் வயல் என்பார்கள்.

விதைப்பில் பழைய முறை, பாருக்குப் பார் 90 சென்டிமீட்டர், குழிக்குக் குழியும் 90, குழிக்கு மூன்று விதை. மூன்றும் ஒன்றின் நிழலில் ஒன்று நின்று மெலியும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய முறைக்கு, அதைக் கொண்டுவந்த ஜப்பானிய அறக்கட்டளையின் பெயரே நின்றுவிட்டது: சசகாவா. பாருக்குப் பார் 75 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 25, குழிக்கு ஒரே விதை. ஹெக்டேருக்கு 37,000 ஆக இருந்த பயிர் எண்ணிக்கை 53,000 ஆகிறது. விளைச்சல் கூடுவது உண்மை. ஆனால் பெண்கள் சொல்லும் குறையிலும் நியாயம் இருக்கிறது. குழி நாலு மடங்குக்கும் மேல், வேலையும் அதற்கேற்ப. ஒற்றை விதை முளைக்காவிட்டால் அந்த இடம் பொட்டல். பயிர் நெருங்கிவிடுவதால் ஊடே பூசணி படர இடமில்லை. பூசணி இலை இல்லாவிட்டால் ஜனவரியில் ந்சிமாவுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது பெரிய சூதாட்டம். முதல் மழையில் பாரின் உள்ளே ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்க வேண்டும். மேல் மண் மட்டும் நனைந்ததை நம்பிப் போட்டால், பத்து நாள் வெயில் அடித்ததும் முளைத்தது கருகிவிடும். மறுவிதைப்புக்கு விதை இருக்காது, வீட்டில் எடுத்துவைத்த சோளத்தைத்தான் போட வேண்டியிருக்கும். அது போன வருடத்துக் கலப்பினத்தின் பிள்ளையாக இருந்தால் உயரமும் கதிரும் கண்டபடி வரும்.

விதைத்து இரண்டு மூன்று வாரத்தில் முதல் களை. வருடத்தின் முக்கியமான வேலை இதுதான், தவறிப்போவதும் பெரும்பாலும் இதுதான். சோளம் முழங்கால் உயரம் வரும்வரை களையோடு போட்டி போட அதற்குத் தெம்பில்லை. இந்தச் சமயத்தில் இரண்டு வாரம் பிந்தினால், பிறகு எத்தனை முறை வெட்டினாலும் போன விளைச்சல் திரும்பாது. அரை ஹெக்டேரை இரண்டு பேர் வெட்ட ஏறக்குறைய ஒரு வாரம். ஆனால் அந்த வாரம் வருவது டிசம்பர் கடைசியில், ஜனவரி தொடக்கத்தில். சோளம் தீர்ந்த வீடுகளில் அடுப்பு எரியாத நாட்களும் அவைதான்.

விடிவதற்கு முன்பே, சோளம் மிச்சம் உள்ள வீட்டு வாசலில் "ஓடி!" என்று குரல் கேட்கும். நம் மொழியில் ஓடுவது வேறு. அங்கே அது "உள்ளே வரலாமா" என்பதற்கான சொல். "ஓடினி" என்று பதில் வந்தால் வேலை கிடைக்கலாம். இந்தக் கூலி வேலைக்குக் கன்யூ என்று பெயர். இத்தனை பார் களைவெட்டினால் இவ்வளவு பணம், அல்லது ஒரு பாத்திரம் மாவு. சம்பளம் அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும்வரை அடுத்தவர் வயலில் வெட்டிவிட்டு வந்தவருக்குத் தன் வயலில் இறங்க உடம்பில் பலம் இருப்பதில்லை. நாளைக்கும் அதே கதை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தன் வயலுக்குப் போகும்போது சோளம் மஞ்சளாகப் புல்லுக்குள் நிற்கும். ஏப்ரலில் பத்து மூட்டை வரவேண்டிய இடத்தில் ஏழு. அடுத்த பஞ்சகாலம் நவம்பரில் இல்லை, செப்டம்பரிலேயே தொடங்கும். யார் வயலில் முதலில் களை எடுத்தார்கள் என்பதை மார்ச்சில் பயிரின் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். கூலி கொடுத்தவர் வயல் கரும்பச்சை, கூலிக்குப் போனவர் வயல் வெளிர். மழை குறைந்தது, விதை சரியில்லை என்று பட்டியல் போடும் அறிக்கைகளில் இந்த இரண்டு வாரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. கன்யூவைப் பாராட்டவும் முடியாது, ஒழிக்கவும் முடியாது. அது இல்லாவிட்டால் அன்றிரவு பட்டினி.

உர மானியத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். 2001-02 பருவத்தில் கடும் பஞ்சம் வந்தபோது அரசின் சேமிப்புத் தானியம் முன்பே விற்கப்பட்டிருந்தது. 2005இல் மறுபடி வறட்சி. அதையடுத்து அதிபர் பிங்கு வா முத்தாரிகா 2005-06 பருவத்தில் கூப்பன் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு குடும்பத்துக்கு 50 கிலோ அடியுரம், 50 கிலோ யூரியா, கொஞ்சம் விதை. கடன் கொடுக்கும் வெளிநாட்டவர் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு அறுவடையும் நன்றாக வந்தது, 2007இல் ஜிம்பாப்வேக்குச் சோளம் ஏற்றுமதியும் ஆனது. மழையும் கைகொடுத்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020இல் பெயரும் வடிவமும் மாறித் திட்டம் தொடர்ந்தது.

கிராமத்தில் நடப்பது வேறு. பட்டியலில் பெயர் வந்தவர் பாதி, வராதவர் பாதி. பாலத்துக்கு மண் அடிக்கவும் சாவு வீட்டுக்குக் குழி தோண்டவும் ஊரே வர வேண்டும். கூப்பன் மட்டும் சிலருக்கா என்று மற்றவர் முறுக்கிக்கொள்வார்கள். அதனால் பல ஊர்த் தலைவர்கள் மூட்டையைப் பிரித்து இரண்டு மூன்று வீட்டுக்கு வாளியில் அளந்து கொடுத்துவிடுவார்கள். தலைநகரில் இதை முறைகேடு என்பார்கள். ஊர் உடையாமல் இருக்க வேறு என்ன வழி என்று தலைவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஒரு ஏக்கரில் 21,000 செடி. ஒரு மூட்டை உரத்தை எல்லாவற்றுக்கும் பங்கிட்டால் செடிக்கு இரண்டேகால் கிராம், சோடா மூடியில் பாதி. மூடியால்தான் அளப்பார்கள். செடிக்கு நாலு விரல் தள்ளிக் குச்சியால் குத்தி, உரத்தைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். தண்டை ஒட்டிப் போட்டால் வேர் கருகும். யூரியாவை மூடாமல் விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். முளைத்து மூன்று வாரத்தில் யூரியா. அதற்கு முன் களை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரம் தின்பது புல். கூப்பன் உரம் ஜனவரி கடைசியில் வந்து சேரும் வருடங்களும் உண்டு. பூ எடுத்த பயிருக்குப் போடும் யூரியாவைவிட அதை விற்று மாவு வாங்குவது புத்திசாலித்தனம். அப்படிச் செய்பவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதுவது எளிது.

மண் தேய்ந்துவிட்டதற்கு ஓர் அடையாளம், சிவப்புப் பூ பூத்த ஒரு சின்னச் செடி. நம் ஊரில் சுடுமல்லி என்பார்கள். சோளத்தின் வேரை மண்ணுக்கடியில் பற்றி உறிஞ்சும் ஒட்டுண்ணி. ஈரம் இருந்தும் சோளம் வாடும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போது சேதம் முடிந்திருக்கும். சிச்செவாவில் அதன் பெயர் கௌஃபிட்டி. உஃபிட்டி என்றால் சூனியம். ஒரு செடி ஆயிரக்கணக்கான தூசி விதைகளைக் கொட்டும், அவை பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். பூப்பதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும், நிலக்கடலையோ துவரையோ போட்டு மாற்ற வேண்டும். அரை ஹெக்டேர் வைத்திருப்பவரிடம் ஒரு வருடம் சோளத்தை விட்டுவிடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? படைப்புழுவும் 2016-17 பருவத்தில் வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு அது 2018இல் வந்தது. குருத்தில் மரத்தூள் மாதிரிக் கழிவு தெரிந்தால் உள்ளே புழு. மருந்து வாங்க முடியாதவர்கள் குருத்துக்குள் சாம்பலோ மணலோ ஒரு சிட்டிகை போடுவார்கள். புழு சின்னதாக இருக்கும்வரை பலன் உண்டு.

நிலம் பெண் வழி. இந்தப் பக்கத்து யாவோ, லோம்வே, ந்யாஞ்சா சமூகங்களில் கல்யாணமானால் ஆண்தான் மனைவி ஊருக்குப் போவார். வயல் தாயிடமிருந்து மகளுக்கு. குடும்ப விவகாரத்தில் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது. அதனால் பெண்ணுக்கு ராஜ்யம் என்று நினைக்க வேண்டாம், உர மூட்டைக்குக் கையெழுத்தும் சந்தைப் பணமும் பெரும்பாலும் ஆண் கையில். இன்னொரு பக்கம், மனைவி இறந்தாலோ விலகினாலோ வெறுங்கையோடு பிறந்த ஊர் திரும்ப வேண்டிய ஆண், அந்த வயலில் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் மரம் நடத் தயங்குவதும் புரிந்துகொள்ளக் கூடியதே.

அறுத்த சோளத்தைக் காப்பது தனிக் கலை. முன்பு மூங்கில் பிளாச்சில் கூடைபோல் முடைந்து, கால் நட்டுத் தூக்கி, புல் கூரை வைத்த ந்கோக்வே களஞ்சியத்தில் உறையோடு கதிரைக் கொட்டி வைப்பார்கள். நாட்டுச் சோளத்தின் மணி கல்மாதிரி, உறையும் நுனிவரை இறுக்கமாக மூடியிருக்கும், வண்டு எளிதில் ஏறாது. விளைச்சல் கூடிய, பல் போன்ற மணியுள்ள கலப்பினங்கள் மென்மையானவை. இடித்தால் உரலிலேயே மாவாகித் தவிட்டோடு போய்விடும், வண்டும் விரும்பித் தின்னும். பெண்கள் பல வருடம் அவற்றை ஏற்காததற்குக் காரணம் அறியாமை இல்லை, உரல். 1990இல் கெட்டி மணியுள்ள கலப்பினங்கள் வெளியான பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது திருட்டுப் பயத்தில் களஞ்சியம் போய், மூட்டைகள் படுக்கும் அறைக்குள் வந்துவிட்டன. மூன்றடுக்குப் பை நல்ல வழி. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பை, ஒவ்வொன்றையும் காற்றை அமுக்கி வெளியேற்றித் தனித்தனியே முறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் வண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். சோளம் சரியாகக் காயாமல் கட்டினால் பூசணம் பிடிக்கும். சோதிக்க ஒரு கைமுறை உண்டு: காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி சோளமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும்.

கையில் பணமாக இருப்பது கோழி. அதையும் சித்தோபா, நம் வெள்ளைக்கழிச்சல், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாரிக்கொண்டு போகும், மாவு வாங்க விற்க வேண்டிய அதே நேரத்தில். நாலு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து போதும். சிக்கல், ஒரு சின்னக் குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், ஊரே ஒரே காலையில் கோழியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பணத்துக்கு இன்னொரு இடம் திண்ணை வங்கி, பாங்க்கி ம்கோண்டே. இருபது பெண்கள், வாரம் ஒரு கூட்டம், மூன்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, மூன்று சாவி மூன்று பேரிடம். சேர்ந்த பணத்தைப் பங்கு பிரிப்பதை நவம்பரில் வைக்கும் குழுக்கள் உரம் வாங்குகின்றன. ஜனவரியில் வைப்பவை மாவு வாங்கி, தங்கள் வயலில் களை எடுக்கின்றன. இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது. 2022 மே, 2023 நவம்பர் என இரண்டு முறை மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தபோது பெட்டிக்குள் இருந்த நோட்டு உட்கார்ந்த இடத்திலேயே இளைத்துப்போனது வேறு விஷயம். இடையில் 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் முற்றிக்கொண்டிருந்த கதிரை மண்ணோடு அடித்துக்கொண்டு போனது, அடுத்த பருவம் வறட்சி.

இத்தனைக்கும் நடுவில் பாரின் மேல் சோளத்தோடு விதைத்த துவரை பேசாமல் நிற்கும். அங்கே பெயர் நந்தோலோ. முதல் மூன்று மாதம் சோளத்தின் நிழலில் வளர்ந்தும் வளராமலும் இருந்துவிட்டு, சோளம் அறுத்த பிறகுதான் விரியும். ஜூன் ஜூலையில் மொசாம்பிக் பக்கமிருந்து வரும் சிப்பெரோனி என்ற குளிர்த் தூறல் அதற்குப் போதும். எதிரி ஆடு. அறுப்பு முடிந்ததும் ஆட்டை அவிழ்த்துவிடும் ஊர்களில் துவரை பிழைக்காது. ஆகஸ்ட் செப்டம்பரில் காய் முற்றும். பச்சையாக அவித்துத் தின்றது போக மிச்சம் வியாபாரிக்கு, அங்கிருந்து பெரும்பாலும் இந்தியாவுக்கு. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு வரம்பு வைத்ததும் இங்கே விலை தரைக்கு வந்தது, பலர் மூட்டையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 2021இல் வருடத்துக்கு 50,000 டன் வாங்குவதாக இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. நம் சாம்பாரில் வெந்த பருப்பில் கொஞ்சம் இந்தப் பாரிலிருந்து வந்ததாக இருக்கலாம். விலை எப்படி இருந்தாலும் செடி இருக்கிறது. காய் பறித்ததும் காய்ந்த துவரை மிளாரை வெட்டித் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். அது எரியும்வரை பெண்கள் விறகுக்கு மலையேற வேண்டாம்.